ஐந்தாம் தரத்தோடு நிற்கும் தோட்டத்துப் பிள்ளைகள்: உங்கள் பக்கம் எப்படி?

மஸ்கெலியா டீச்சர்:
ஒரு தோட்டத்தின் மேல்பிரிவில் உள்ள ஆரம்பப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். தரம் 1 முதல் 5 வரை மட்டும்தான். ஆறாம் தரத்துக்குப் பிள்ளைகள் டவுனுக்குப் போக வேண்டும். பஸ் எங்கள் பிரிவு வரை ஏறாது. தேயிலை மலைக்குள் குறுக்குப் பாதையில் இறங்கி ரோட்டைப் பிடிக்கவே ஒரு மணி நேரம் ஆகும். மே மாதம் பிடிக்கிற மழை செப்டெம்பர் வரை லேசில் விடாது. பாதை வழுக்கும், அட்டை ஏறும், வகுப்புக்குப் போய்ச் சேரும்போது சப்பாத்தும் கொப்பியும் நனைந்திருக்கும்.

எங்கள் பள்ளியில் புலமைப்பரிசில் பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்த ஒரு பெண்பிள்ளை இருந்தாள். நான் கணக்கைப் பலகையில் எழுதி முடிக்கும் முன் விடை சொல்லிவிடுவாள். ஆறாம் தரம் சேர்ந்தவள், மழை தொடங்கியதும் நின்றுவிட்டாள். அவர்கள் குடியிருக்கும் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) தேடிப் போனேன். அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார்.

"பிள்ளை தனியா அந்தப் பாதையில போகுது டீச்சர். மலையில நிக்கிற எனக்கு வேலையே ஓடல. நனைஞ்சு காய்ச்சல்னு படுத்தா நானும் வீட்டுல நிக்கணும், அன்னைக்குப் பேர் இல்ல, சம்பளமும் இல்ல" என்றார்.

"தோட்டத்து ஆட்களுக்குப் படிப்பில் அக்கறை இல்லை" என்று சிலர் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். அதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த அம்மாவுக்கா அக்கறை இல்லை?

அதே லயத்தில் ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சைக்கு) படிக்கும் ஒரு அக்கா இருக்கிறாள். பக்கத்து லயத்துப் பிள்ளைகளையும் சேர்த்து, எல்லோரும் அவளோடு ஒன்றாக இறங்கி ஒன்றாகத் திரும்புவது என்று வீடு வீடாகப் போய்ப் பேசினோம். அம்மா சம்மதித்தார், பிள்ளை மறுபடி போகத் தொடங்கினாள். சரி, அந்த அக்கா பரீட்சை எழுதி முடித்ததும் யார் கூட்டிக்கொண்டு போவது? அதுதான் இப்போது என் கவலை.

பொகவந்தலாவை, ஓய்வுபெற்ற அதிபர்:
டீச்சர், நான் படித்த காலத்தில் தோட்டப் பாடசாலை என்றால் ஒரு மண்டபம், ஒரு வாத்தியார், அவர் முன்னால் ஐந்து வகுப்பும். நாட்டுக்கு இலவசக் கல்வி 1945இல் வந்தது. எங்கள் பள்ளிகள் அதற்குப் பிறகும் தோட்ட நிர்வாகத்தின் கையில்தான் கிடந்தன. பெரும்பாலானவற்றை அரசாங்கம் பொறுப்பெடுத்தது எழுபதுகளின் கடைசியிலிருந்துதான். அப்புறம் சுவீடன் உதவியில் கட்டடங்கள் எழும்பின. பத்தனையில் ஶ்ரீபாத கல்வியியற் கல்லூரி வந்தது, நம் பிள்ளைகளே படித்து டீச்சர்மாராகத் திரும்பி வந்தார்கள். பெரிய மாற்றம்தான், மறுக்க மாட்டேன். ஆனால் மேல்பிரிவுப் பிள்ளை நடக்கிற தூரம் அப்படியே இருக்கிறது.

ஐந்தாம் தரத்தோடு நின்ற என் வகுப்புக்காரர்களில் பலர் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். நான் தொடர்ந்து படித்ததற்குக் காரணம், எங்கள் சித்தப்பா வீடு நோர்வூட் டவுனில் இருந்ததுதான்.

டயகம, ஒரு தகப்பன்:
எங்கள் தோட்டத்து ரோட்டில் குழிகளை இளைஞர்கள் சிரமதானம் வைத்துக் கல் போட்டு அடைத்தார்கள். அதன் பிறகு பெற்றோரிடம் கையெழுத்து வாங்கி, அதிபரின் கடிதத்தோடு 'சிசு செரிய' என்கிற பாடசாலைப் பிள்ளைகளுக்கான பஸ் கேட்டோம். இப்போது கீழ்ப்பிரிவுச் சந்தி வரை வருகிறது. சீசன் டிக்கெட்டில் போவதால் செலவும் தாங்கும்.

டீச்சர், கடிதத்தில் எத்தனை பிள்ளைகள், எந்த இடத்தில் ஏறுவார்கள், பாடசாலை எத்தனை மணிக்கு விடும் என்பதையெல்லாம் தெளிவாக எழுதுங்கள். எங்களிடம் முதலில் கேட்டதே அதைத்தான். மேல்பிரிவிலிருந்து சந்தி வரை நடப்பதற்கு எங்களிடமும் இன்னும் வழியில்லை. நீங்கள் செய்தது போல அக்காமாரோடு கூட்டாக அனுப்புவதைப் பற்றி இந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலடியில் பேசப் போகிறோம்.