குனு ஆட்களுக்குக் கெர்னல் மட்டும் ஏன் இவ்வளவு தள்ளிப்போனது?

மன்னைப் பையன்:
மன்னார்குடியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இறுதியாண்டு புராஜெக்டுக்குச் சின்னதாக ஒரு கெர்னல் (வன்பொருளுக்கும் மற்ற மென்பொருள்களுக்கும் நடுவே நிற்கும், இயங்குதளத்தின் மையப் பகுதி) எழுதிக் கட்டற்ற உரிமத்தில் வெளியிட ஆசை. கியூஎமு என்ற மெய்நிகர் கணினியில் பூட் ஆகித் திரையில் எழுத்து வருகிறது. ஆனால் டைமர் இன்டரப்ட் (டைமர் சீரான இடைவெளியில் அனுப்பும் குறுக்கீடு) ஒரே ஒரு தடவை வந்துவிட்டு நின்றுவிடுகிறது. மூன்று ராத்திரியாகப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.

இன்னொரு கேள்வி. முழுக்கக் கட்டற்ற ஓர் இயங்குதளம் செய்யும் குனு திட்டத்தை 1983-இல் அறிவித்தவர்கள் கம்பைலர், எடிட்டர், ஷெல் எல்லாம் எழுதிவிட்டார்கள். கெர்னலில் மட்டும் ஏன் சிக்கிக்கொண்டார்கள்? அவர்களுக்கே அப்படியென்றால் உனக்கு எதற்கு என்கிறார் எங்கள் சார்.

கடைமடை:
தம்பி, முதலில் டைமர். இன்டரப்டைக் கவனித்து முடித்ததும் இன்டரப்டுகளை வரிசைப்படுத்தி அனுப்பும் பிஐசி சிப்புக்கு 'முடிந்தது' என்று நீ சொல்ல வேண்டும். 32-ஆம் போர்ட்டில் 32 என்ற எண்ணை எழுது. அதை எழுதாதவரை அடுத்த டிக் வரவே வராது. எனக்கு இதே இடத்தில் ஒரு வாரம் போனது.

இனி பெரிய கேள்வி. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் மாக் மைக்ரோகெர்னல் (மிக அவசியமான வேலையை மட்டும் செய்யும் சிறு கெர்னல்) கட்டற்ற உரிமத்தில் வரட்டும் என்று காத்திருந்ததிலேயே கொஞ்ச காலம் போய்விட்டது. அதன்மேல் குனுவின் சொந்தக் கெர்னலான ஹர்டைத் தொடங்கியது 1990-இல். கோப்பு, நெட்வொர்க், புராசஸ் எல்லாம் கெர்னலுக்கு வெளியே தனித்தனி சர்வர்கள். ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பித்தான் வேலை நடக்கும். இதில் பிழை பிடிப்பது பெரும்பாடு. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தாலும் எங்கள் திருத்துறைப்பூண்டிப் பக்கம் தண்ணீர் வரவில்லையென்றால், எங்கே நின்றது என்று வாய்க்கால் கரையோடு நடந்துதான் பார்க்க வேண்டும். நாம் ஒரு மதகைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலே யாராவது இன்னொன்றை அடைத்திருப்பார்கள். ஹர்டிலும் அப்படித்தான், போய்ப் பார்ப்பதற்குள் நிலை மாறியிருக்கும்.

1991-இல் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் பழைய முறைப்படி எல்லாவற்றையும் ஒரே கெர்னலுக்குள் வைத்தார். அரைகுறையாக இருந்தபோதே ஊருக்குக் கொடுத்துவிட்டார். அதுதான் லினக்ஸ். 1992-இல் அது குனுவின் கட்டற்ற உரிமமான ஜிபிஎல்லுக்கு வந்தது. குனுவின் கம்பைலரும் ஷெல்லும் தயாராக இருந்ததால்தான் அந்தக் கெர்னலுக்கு மேல் ஒரு முழு அமைப்பு சட்டென்று எழுந்தது. இதைச் சாரிடம் சொல். அப்புறம், உன்னுடையதையும் முடியும்வரை பூட்டி வைக்காதே.

குடந்தை அக்கா:
ஹர்ட் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. ஹர்டின் மேல் ஓடும் டெபியன் இயங்குதளத்தை மெய்நிகர் கணினியில் போட்டுப் பார். ரூட் எனும் நிர்வாகி உரிமை இல்லாத சாதாரணப் பயனரே தூரத்து எஃப்டிபி (கோப்புப் பரிமாற்ற) தளம் ஒன்றைத் தன் டைரக்டரியாக ஒட்டிக்கொள்ளலாம். முதல் தடவை அது வேலை செய்தபோது எனக்கு அன்றைக்கு முழுக்கச் சந்தோஷம்.

ஆனால் எந்தக் கெர்னலையும் வாட்டி எடுப்பது நிஜ வன்பொருள்தான். வைஃபை சிப் எப்படி வேலை செய்கிறது என்ற ஆவணத்தைப் பல நிறுவனங்கள் வெளியே விடுவதில்லை. டிரைவர் எழுத உட்கார்ந்தால் இருட்டில் துழாவ வேண்டும்.

நீ கியூஎமுவை மட்டும் நம்பாதே. பேஜ் டேபிளுக்கு (நினைவக முகவரிகளை மாற்றித் தரும் அட்டவணைக்கு) எடுத்த இடத்தைத் துடைக்காமல் பயன்படுத்தியிருந்தேன். கியூஎமுவில் அந்த இடம் பூஜ்ஜியமாகவே இருந்ததால் ஓடியது. பழைய லேப்டாப்பில் அங்கே ஏதேதோ குப்பை. போட்டதும் ரீபூட், மறுபடி ரீபூட். பிழைச் செய்தியை வெளியே அனுப்ப அதில் சீரியல் போர்ட்டும் கிடையாது. கடைசியில் கேப்ஸ் லாக் விளக்கை மினுக்க வைத்தேன். ஜிடிடி (நினைவகப் பகுதிகளின் அட்டவணை) வரை வந்தால் ஒரு மினுக்கு, இன்டரப்ட் டேபிள் வரை வந்தால் இரண்டு. மூன்றாவது, பேஜ் டேபிளை இயக்கும் பேஜிங்குக்கு உரியது, வரவேயில்லை. அப்படித்தான் இடம் தெரிந்தது.

மன்னைப் பையன்:
கடைமடை அண்ணா, 32 எழுதினேன், டிக் ஓட ஆரம்பித்துவிட்டது! இப்போது திரையில் எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே தட்டுகிறேன். அக்கா, என் பேஜ் டேபிளையும் நான் துடைக்கவில்லை. இன்று ராத்திரி அதைச் சரி செய்துவிட்டு, இருக்கிறபடியே வெளியிடுகிறேன்.

குடந்தை அக்கா:
வெளியிட்டதும் சுட்டியை இங்கே போடு, என் லேப்டாப்பில் ஓட்டிப் பார்க்கிறேன். சீரியல் போர்ட் உள்ள பழைய டெஸ்க்டாப் ஒன்று வீட்டில் சும்மாதான் கிடக்கிறது. கும்பகோணம் பக்கம் வந்தால் எடுத்துக்கொண்டு போ.