கார்க்–லிமெரிக் ஆட்டத்துக்குக் கட்டணமா?

லீ நதிக்கரை: 2024 மே 11, அயர்லாந்தின் பார்க் ஈ கீவ் மைதானம்: எங்கள் கார்க் மாவட்டம் 3-28 (3 கோல், 28 புள்ளி), லிமெரிக் மாவட்டம் 3-25. இப்படியொரு ஹர்லிங் (மட்டையும் பந்தும் கொண்டு ஆடும் அயர்லாந்து விளையாட்டு) ஆட்டம் ஜிஏஏகோ என்ற இணைய ஒளிபரப்புச் சேவையில், பணம் கட்டியவர்களுக்கு மட்டும். எண்பதைத் தாண்டிய என் அப்பா வானொலியில் கேட்டார்; கடவுச்சொல் சமாசாரமெல்லாம் அவருக்கு ஆகாது. வீரர்கள் சம்பளமின்றி ஆடுகிறார்கள். பிறகு நம்மிடம் மட்டும் ஏன் வசூல்?

ஷானன்வாசி: 2014 முதல் 2022 வரை ஸ்கை தொலைக்காட்சியிலும் சில ஆட்டங்களுக்குக் காசு கொடுத்தோமே! தோற்றிருந்தால் உங்கள் அப்பா வானொலியே போதும் என்றிருப்பார்.

பழைய கோல்காப்பாளர்: கட்டணம் கிடக்கட்டும். 2010 முதல் தலைக்கவசம் எல்லோருக்கும் கட்டாயம். ஆனாலும் பார்வையை மறைக்கிறதென்று முகக் கம்பியை வெட்டிக்கொள்கிறார்கள். மட்டை நுனி நுழைய அந்த இடைவெளி போதும். என் விரல்கள் இன்றும் நேராக நீளாது. விரலாவது பரவாயில்லை, கண் போனால்? கம்பியை வெட்டியவரை நடுவர் களத்தில் இறக்கக் கூடாது.

ஷானன்வாசி: ஒத்துக்கொள்கிறேன். தோளால் தலையில் இடிப்பவருக்கும் மஞ்சள் அட்டையோடு முடித்துவிடுகிறார்கள்.

லீ நதிக்கரை: அதைத் திரும்பப் போட்டுப் பார்க்கவும் இனிச் சந்தா கட்ட வேண்டுமா? 2025இல் ஜிஏஏகோவின் பெயரை ஜிஏஏ பிளஸ் என்று மாற்றினார்கள். கட்டணம் மட்டும் நீங்கவில்லை. அடுத்த மன்ஸ்டர் மாகாணப் போட்டி ஆட்டத்துக்கு அப்பாவை மைதானத்துக்கே அழைத்துப் போகிறேன். டிக்கெட் கிடைத்தால்.