மின்னளவு மாட்யூலில் மொத்த கிலோவாட் பூஜ்ஜியத்தை ஒட்டி நிற்கிறது: கரண்ட் டிரான்ஸ்ஃபார்மரைத் (சி.டி.) திருப்ப வேண்டுமா?

கேள்வி:
வணக்கம். நூற்பாலை ஒன்றின் கம்ப்ரஸர் பேனலில் மூன்று ஃபேஸ் மின்னளவு மாட்யூலைப் பொருத்தி, ஆர்எஸ்-485 கேபிள் வழியாக மோட்பஸ் என்ற தகவல் பரிமாற்ற முறையில் பிஎல்சியுடன் (இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) இணைத்திருக்கிறேன். மின்னோட்டத்தைக் குறைத்து மாட்யூலுக்குத் தரும் சி.டி.யின் விகிதம் 200/5 என்பதையும் மாட்யூலில் பதிந்துவிட்டேன். ஆர், ஒய், பி (சிவப்பு, மஞ்சள், நீலம்) ஃபேஸ்களில் ஆர் ஃபேஸ் வோல்டேஜுக்கு உரிய இரண்டு ரெஜிஸ்டர்களில் (மாட்யூல் தன் அளவுகளை எண்ணாக வைத்திருக்கும் இடங்கள்) 17254, 26214 என வருகின்றன. இரண்டையும் சேர்த்து ஃப்ளோட்டாக (தசம எண்ணாக) படித்தால் பிஎல்சி 24 இலக்க எண் ஒன்றைக் காட்டுகிறது. மாட்யூலின் திரையிலோ மூன்று ஃபேஸிலும் 230 வோல்ட், 120 ஆம்பியர் என்று சரியாகவே தெரிகிறது. ஆனால் கிலோவாட் மட்டும் ஆர் 23.5, ஒய் 0.9, பி −24.3 என்று நிற்கிறது. பிழைகளைக் காட்டும் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரில் 20 இருக்கிறது. பி ஃபேஸ் சி.டி.யைத் திருப்பி மாட்டினால் சரியாகிவிடுமா?

மறுமொழி 1:
முதல் சிக்கல் வரிசை மாறியதால் வந்தது. 17254 என்பது ஹெக்ஸில் (16 அடிமான எண் முறையில்) 4366, 26214 என்பது 6666. 43666666 என்று சேர்த்தால் 230.4 கிடைக்கும், உங்கள் பிஎல்சி பின்னதை முன்னே வைத்துப் படிக்கிறது. இந்த வரிசையைத் தீர்மானிக்கும் வேர்டு ஸ்வாப் அமைப்பை மாற்றிவிடுங்கள்.

மறுமொழி 2:
ஐயா, தயவுசெய்து சி.டி.யைத் தொடாதீர்கள். சி.டி. ஒன்று மட்டும் தலைகீழாக இருந்தால் மூன்று ஃபேஸிலும் ஏறக்குறைய ஒரே அளவு வந்து, ஒன்றில் மட்டும் கழித்தல் குறி இருக்கும். மொத்தம் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். உங்களுக்கு மொத்தமே பூஜ்ஜியத்துக்கு வந்துவிட்டது. சமமான லோடில் வோல்டேஜ் வயர்கள் இரண்டு தமக்குள் இடம் மாறினால் இப்படி நேரும். ஆர் சரியாக இருப்பதால் மாறியிருப்பவை ஒய்யும் பியும். 20 என்பது 16 + 4. அதாவது, பூஜ்ஜியத்திலிருந்து எண்ணினால் 2ஆம், 4ஆம் பிட்கள் எழுந்திருக்கின்றன. அவை எதைக் குறிக்கின்றன என்று கையேட்டில் பாருங்கள். ஒன்று ஃபேஸ் வரிசையாக இருக்கும் என்று நினைக்கிறேன். கம்ப்ரஸர் சரியான திசையில் சுற்றுகிறது என்றால் சப்ளையில் தவறில்லை, மாட்யூலுக்கு வரும் வயரில்தான் தவறு. ஒன்றை மட்டும் வலியுறுத்திச் சொல்கிறேன்: லோடு ஓடும்போது சி.டி.யின் செகண்டரியைத் திறந்தால் உயிருக்கே ஆபத்தான வோல்டேஜ் எழும். செகண்டரியின் இரு முனைகளையும் இணைத்துவிடும் ஷார்ட்டிங் லிங்க் போடாமல் அந்தப் பக்கம் கை வைக்கவே கூடாது.

கேள்வி கேட்டவர்:
நீங்கள் சொன்னபடியே இருந்தது. 2ஆம் பிட் ஃபேஸ் வரிசைப் பிழை, 4ஆம் பிட் குறைந்த பவர் ஃபேக்டர். கம்ப்ரஸர் சரியான திசையில்தான் சுற்றுகிறது. மாட்யூல் முனையில் ஃபெரூல் எண்கள் (வயர்களில் மாட்டிய அடையாள எண்கள்) ஒழுங்காக இருந்தன. ஃபியூஸ் ஹோல்டரில் மஞ்சளும் நீலமும் இடம் மாறியிருந்தன. சப்ளையை நிறுத்திவிட்டு மாற்றினேன். இப்போது 23.5, 23.4, 23.6 என்று வருகிறது. அலாரம் தானாக விலகாத வகை என்பதால், ரீசெட் செய்த பிறகுதான் ஸ்டேட்டஸ் 0 ஆனது. இருவருக்கும் மிக்க நன்றி.