அம்மம்மா சாப்பிட மறுக்கிறார்: வாய்க்குள் எதைப் பார்ப்பது?

களுவாஞ்சிகுடிப் பேத்தி:
அம்மம்மாவுக்கு 81 வயது. போன வருசம் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் இழுத்துவிட்டது. வீட்டில் வைத்துத்தான் பார்க்கிறோம். மூன்று கிழமையாகச் சோற்றுக் கோப்பையைக் கண்டாலே முகத்தைத் திருப்புகிறார். வயசு போனால் அப்படித்தான் என்கிறார் மாமா. ஆனால் வெற்றிலை வட்டாவை மட்டும் நேரம் தவறாமல் கேட்கிறாரே! பாக்குரலில் இடித்துக் கொடுப்பதும் நான்தான். வாய் கெட்ட மணம் மணக்கிறது. கட்டுப்பல்லைக் கழற்ற விடுவதில்லை. ஆட்டோவில் ஏற்ற இரண்டு பேர் வேண்டும், அதனால் முதலில் நானே பார்க்கலாமா?

கல்முனைத் தாதி (ஓய்வு):
பாருங்கள் மகள். வாய்ச் சுகாதாரத்தைச் சோதிக்க ஓ.எச்.ஏ.டி (OHAT) என்று ஒரு படிவம் இருக்கிறது. பல் வைத்தியர் அல்லாதவர்களும் அதை வைத்துப் பார்க்கலாம். ஆஸ்திரேலிய முதியோர் இல்லங்களில் சோதித்து 2005இல் வெளியிட்டார்கள். உதடு, நாக்கு, முரசு, உமிழ்நீர், சொந்தப் பல், கட்டுப்பல், சுத்தம், நோவு என்று எட்டு விடயம். ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2 புள்ளி; 0 என்றால் நல்லம், 2 என்றால் மோசம். நான் கூட்டுத்தொகையைப் பெரிதாக எடுப்பதில்லை. ஒரே ஒரு 2 விழுந்தாலும் பல் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

நிமிர்த்தி இருத்தி, டோர்ச் அடித்து, கரண்டிக் காம்பால் சொக்கையை மெல்ல விலக்குங்கள். கட்டுப்பல்லைக் கழற்றாமல் பார்ப்பது பார்த்ததாகாது. இழுத்த பக்கத்துச் சொக்கைக்குள் சோறு தங்கிக் கிடக்கும், அவருக்கே தெரியாது. அது கிருமியோடு நுரையீரலுக்குள் இறங்கினால் நியுமோனியா வரலாம். நோவு இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பார். முகம் சுளிப்பதையும் கையைத் தட்டிவிடுவதையும் கவனியுங்கள்.

வெற்றிலை போடுகிறவர் என்பதால் நாக்கின் அடியையும் பாருங்கள். துணியால் துடைத்தும் போகாத வெள்ளைப் படை, சிவந்த திட்டு, 2 கிழமைக்கு மேல் ஆறாத புண், இவற்றில் எது இருந்தாலும் தாமதிக்க வேண்டாம். இலங்கை ஆண்களிடம் வாய்ப் புற்றுநோய்தான் அதிகம், பெண்களும் தப்புவதில்லை. புகையிலை சேர்க்கிறாரா?

அக்கரைப்பற்று மகன்:
வாப்பாவுக்கு நாக்கு காய்ந்து அண்ணத்தில் ஒட்டும். குளிசைகளாலும் வாய் காயும் என்று டொக்டர் சொன்னார். குளிசைப் பட்டியலையும் கொண்டுபோங்கள் தங்கச்சி. கட்டுப்பல்லைக் கொதிநீரில் மட்டும் போடாதீர்கள். நான் போட்டு அது வளைந்து, பிறகு புதுசு கட்ட வேண்டி வந்தது.

களுவாஞ்சிகுடிப் பேத்தி:
பார்த்துவிட்டேன். வலச் சொக்கைக்குள் நேற்றைய பருப்பு! கட்டுப்பல்லுக்குக் கீழே அண்ணம் முழுக்கச் சிவப்பு, ஓரத்தில் ஒரு புண். எத்தனை நாளானதென்று தெரியவில்லை, திங்கட்கிழமை கிளினிக் போகிறோம். புகையிலை சேர்க்கிறார்தான் அன்ரி. இன்றைக்கு இடிக்கவில்லை, என்னோடு பேச்சில்லை. இரவில் கட்டுப்பல்லைக் கழற்றச் சொன்னால், "விடியக் காலையில ஆராவது வந்தா?" என்று வாயைப் பொத்துகிறார். இதற்கு என்ன செய்வது?

கல்முனைத் தாதி (ஓய்வு):
மூடி போட்ட கோப்பையில் தண்ணீர் விட்டு, கட்டுப்பல்லை அதில் போட்டுத் தலைமாட்டிலேயே வையுங்கள். கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் கழற்றத் தருவார்.