ஸ்பொடுமீனுக்குத் தமிழ் என்ன?

க.:
அன்பர்களே, மேற்கு ஆஸ்திரேலியாவின் கிரீன்புஷஸ் லிதியச் சுரங்கம் பற்றிய பாடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பெக்மடைட் என்னும் பாறை, அதில் கிடைக்கும் லிதியக் கனிமங்களான ஸ்பொடுமீன், லெபிடோலைட் ஆகிய மூன்றுக்கும் தமிழ்ச்சொல் வேண்டும். படிக்கப் போவது பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள்.

செ.:
பெக்மடைட்டின் கிரேக்க வேருக்குப் பிணைத்தல் என்று பொருள். எனவே பிணிபாறை, அழகான வினைத்தொகை. ஸ்பொடுமீன் என்றால் எரிந்து சாம்பலானது. 1800இல் அதற்குப் பெயரிட்ட பிரேசில் கனிமவியலாளர் ஜோசே போனிபாசியோ கண்டது சாம்பல் நிறக் கல். நீறு + கல் = நீற்றுக்கல். நெடிற்றொடர்க் குற்றியலுகரம், றகரம் இரட்டும்.

ம.:
புணர்ச்சி சரி ஐயா, பொருள்தான் கவிழ்ந்துவிட்டது. எங்கள் ஊரில் நீற்றுவது சுண்ணாம்பை. நீற்றுக்கல்லைச் சுண்ணாம்புக்கல் என்றும் பிணிபாறையை நோய்ப்பாறை என்றும் மாணவன் எழுதினால் மதிப்பெண் போடுவீர்களா? இளஞ்சிவப்பு ஸ்பொடுமீனைக் குன்சைட் என்று மோதிரத்தில் பதிக்கிறார்கள். அதில் சாம்பல் எங்கே?

கிரானைட் குழம்பு உறைந்து முடியும் தறுவாயில் எஞ்சுவதில் நீரும் லிதியமும் போரானும் செறிந்திருக்கும். அணுக்கள் அதில் தடையின்றி நகரும்; படிகங்கள் குறைவாகவே முளைத்து, பூதாகரமாக வளரும். தெற்கு டகோட்டாவின் எட்டா சுரங்கத்தில் ஒற்றை ஸ்பொடுமீன் படிகம் ஏறத்தாழ 14 மீட்டர் நீளம் இருந்தது. இப்படி உருவாவதே பெக்மடைட். ஆகவே அதற்குப் பரும்படிகப் பாறை. லெபிடோலைட் அபிரக (மைக்கா) வகை; அதற்குச் செதில் அபிரகம்.

இ.:
எந்த அபிரகம் செதிலாக உரியாது? லெபிடோலைட்டின் அடையாளம் லிதியமும் ஊதா நிறமும். காக்காப்பொன் என்று நம் பாட்டிமார் சொன்ன சொல் இருக்க அபிரகம் எதற்கு? லிதியக் காக்காப்பொன் என்க. இதே பாறையில் கிடைக்கும் டூர்மலின் என்னும் மணிக்கல்லையும் விடாதீர்கள். அந்தப் பெயர் சிங்களத் தோரமல்லியிலிருந்து வந்தது; அக்கல் டச்சு வணிகர்கள் இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனது. தோரமல்லியில் உள்ள மல்லி...

க.:
மல்லியைப் பிறகு பார்க்கலாம், அம்மா. பரும்படிகப் பாறை, லிதிய அபிரகம் இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். ஸ்பொடுமீன் அப்படியே போகட்டும்.

செ.:
ஸகர மெய்யில் தமிழ்ச்சொல் தொடங்காது. இசுபொடுமீன் என்றாவது எழுதுங்கள்.

ம.:
எழுதினால் விலங்கியல் ஆசிரியர் அந்த மீனுக்குச் செவுள் உண்டா என்று கேட்பார். ஸ்பொடுமீனுக்கே என் வாக்கு.

இ.:
எனக்கும் சம்மதம். காக்காப்பொன்னை மட்டும் அடைப்புக்குறிக்குள் போடுங்கள்.

செ.:
என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். பிணிபாறையை இன்னும் கைவிடவில்லை.