கஷ்டப்பட்ட பிள்ளைகளுக்கென்டு வந்த காசு: ஸ்கூல்ல எப்படி செலவழிக்கிறது?

கொட்டாஞ்சேனைக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். கொழும்பு 13ல ஒரு தமிழ் ஸ்கூல்ல பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துல இருக்கேன், ஸ்கூல் பேர் வேணாம். வெளிநாட்டுல இருக்கிற எங்க ஓல்ட் போய்ஸ் கொஞ்சப்பேர் சேர்ந்து 8 லட்சம் அனுப்பியிருக்காங்க, வசதியில்லாத பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்டு ஒரு கண்டிஷன். மீட்டிங்ல அடிதடி வராத குறை. ஒருத்தர் ஸ்மார்ட் போர்ட் வாங்குவோம் என்றார், வசதியில்லாத பிள்ளையும் அதத்தானே பார்க்கும் என்டு நியாயம் வேற. இன்னொருத்தர் பேக், சப்பாத்து, கொப்பி வாங்கி மேடை போட்டு பேர் வாசிச்சு குடுப்போம், போட்டோ அனுப்பினா அடுத்த வருஷமும் காசு வரும் என்றார். எனக்கு ரெண்டும் பிடிக்கல, ஆனா வேற என்ன என்டு கேட்டா சொல்லத் தெரியல. லண்டன்ல கவர்மென்டே இந்த மாதிரி பிள்ளைகளுக்கென்டு ஸ்கூலுக்கு தனியா காசு குடுக்குதாம் என்டு மச்சான் ஒருத்தன் சொன்னான். அத அங்க என்ன செய்றாங்க? நமக்கு எடுக்கக்கூடியது ஏதும் இருக்கா?

ஈஸ்ட்ஹாம் அக்கா:
தம்பி, நான் இஞ்ச ஒரு பிரைமறி ஸ்கூலில டீச்சிங் அசிஸ்டன்ட். நீர் கேக்கிறது பியூப்பில் பிரீமியம், 2011ல துவங்கினது. கடைசி 6 வருஷத்துக்குள்ள எப்பவாவது ஃப்ரீ மீல்ஸுக்குத் தகுதி எண்டு பதிஞ்ச பிள்ளை இருந்தா அந்தப் பிள்ளையின்ர கணக்கில ஸ்கூலுக்குக் காசு வரும். 2024-25ல பிரைமறிக்கு 1480 பவுண், செகண்டறிக்கு 1050, அரசாங்கத்தின்ர பராமரிப்பில வளருற பிள்ளைக்கு அதைவிடக் கூட. ஆனா பிள்ளையைக் கணக்குப் பாத்து வந்தாலும் அது பிள்ளையின்ர சொந்தக் காசு இல்ல, ஸ்கூல் நினைச்சா பதியாத, ஆனா தேவையுள்ள பிள்ளைக்கும் செலவழிக்கலாம். என்னத்துக்குச் செலவழிச்சம், என்ன பலன் எண்டு வருஷா வருஷம் டிசம்பர் 31க்குள்ள ஸ்கூல் வெப்சைட்டில போடோணும், ஆரும் வாசிக்கலாம்.

என்ன வேலை செய்யுது எண்டு பாக்க எஜுகேஷன் என்டோமன்ட் ஃபவுண்டேஷன் எண்டு ஒண்டு இருக்கு. அவையள் சொல்லுறது, முதலில வகுப்புக்குள்ள படிப்பிக்கிறதைத் திருத்து, பிறகு பின்தங்கின பிள்ளையளைச் சின்னக் குழுவா எடு, அதோட பிள்ளை ஒழுங்கா ஸ்கூலுக்கு வருதா, காலமைச் சாப்பாடு மாதிரி விஷயங்களைப் பார். வகுப்புக்குள்ள சும்மா ஒரு அசிஸ்டன்டை இருத்தி வைச்சா பெரிசா பலனில்ல எண்டும் அவையளே சொல்லுகினம், என்ர வேலைக்கே ஆப்பு! நான் செய்யிறது என்னெண்டா, காலமை டீச்சர் ஒரு துண்டில எழுதித் தருவா, இந்தப் பிள்ளை வாசிக்கேக்க இந்த எழுத்தின்ர சத்தத்தில தடக்குப்படுது எண்டு, நான் நாலு பேரைக் கொரிடோர் மேசைக்குக் கூட்டிக்கொண்டு போய் 20 நிமிஷம் அதை மட்டும்தான் பாப்பன்.

இன்னொண்டு, எங்கட சனம் ஃப்ரீ மீல்ஸ் ஃபோம் நிரப்ப வெக்கப்படும். 2014ல இருந்து சின்ன வகுப்பு மூண்டுக்கும் எல்லாருக்கும் மத்தியானச் சாப்பாடு ஃப்ரீ, பிறகேன் நிரப்புவான் எண்டு விட்டிடுவினம். ஸ்கூலுக்கு வரவேண்டிய காசு அதோட போச்சு.

வெண்கட்டி:
மேடை ஐடியாவ தயவுசெஞ்சு விட்டுருங்க அண்ணா. பேர் வாசிக்கிற அன்னைக்கு அந்தப் பிள்ளைங்க முகத்த பார்த்த டீச்சர்ல நானும் ஒருத்தி.

நான் மட்டக்குளி பக்கம் அஞ்சாம் வகுப்பு எடுக்கிறேன். இலவசக் கல்வி 1945ல இருந்து, இலவசப் புத்தகம் 1980ல இருந்து, யூனிஃபோம் துணி 1993ல இருந்து, எல்லாம் இருக்கு, வெளியில இருந்து பார்த்தா இனி என்ன குறை என்டுதான் தோணும். ஆனா அஞ்சாம் வகுப்பு ஸ்கொலர்ஷிப் சோதனை மொடல் பேப்பருக்கு போட்டோகொப்பி காசு கொண்டுவாங்க என்டு சொன்னா அடுத்த நாள் அதே அஞ்சாறு பேர் ஆப்சன்ட். அம்மாவ கேட்டா காய்ச்சல் என்பாங்க. காசு சேர்த்து முடிச்ச அடுத்த நாள் காய்ச்சல் சுகமாகி வந்துரும், ஆனா அதுக்குள்ள ரெண்டு பாடம் போயிருக்கும். அதனால கொப்பி காசு, ட்ரிப் காசு, டீச்சர்ஸ் டே காசு, இப்படி எங்கெல்லாம் பிள்ளைகிட்ட கேக்கிறமோ அத முழு வகுப்புக்கும் இந்தக் காசுல கட்டிருங்க. யாருக்காக கட்டினது என்டு ஒருத்தருக்கும் தெரியாது.

லிஸ்ட் எடுக்கிறப்போ அஸ்வெசும (கவர்மென்ட் குடுக்கிற உதவிக் காசு) கிடைக்கிற குடும்பத்த மட்டும் பார்க்காதீங்க. தேயிலைத் தோட்டத்துல இருந்து வந்து ஒரு ரூம்ல வாடகைக்கு இருக்கிற ஆக்கள் சிலர் எந்த லிஸ்ட்லயும் இல்ல, வகுப்பு டீச்சர கேளுங்க.

57ம் ஒழுங்கை:
டீச்சர் சொல்றது சரி, ஆனா 8 லட்சமும் போட்டோகொப்பியில கரையக் கூடாது. வெள்ளவத்தையில காசுள்ள வீட்டுப் பிள்ளை ஸ்கூல் விட்டு வந்து ரெண்டு மூண்டு டியூஷனுக்குப் போகுது, மற்றப் பிள்ளை வீட்ட போய் தம்பி தங்கச்சிய பாக்குது, பிறகு ஓ/எல் (பதினொராம் வகுப்புப் பொதுச் சோதனை) கணிதத்தில ரெண்டும் ஒரே பேப்பர்தான் எழுதுது. கம்பஸில (யூனிவர்சிட்டியில) படிக்கிற பிள்ளையள் நாலைஞ்சு பேரைப் பிடிச்சு மணித்தியாலக் கணக்கில காசு குடுத்து, அஞ்சு பிள்ளைக்கு ஒருத்தர் எண்டு பின்னேரம் எடுக்க வையுங்கோ.

இன்னொரு விஷயம், லண்டன் காசு வருஷா வருஷம் வரும், உங்கட காசு ஒருக்காத்தான். ஸ்மார்ட் போர்ட் பழுதானா திருத்த ஆர் தருவினம்? ரெண்டு வருஷத்துக்குப் பிரிச்சு பிளான் பண்ணுங்கோ, எல்லாத்தையும் சங்கத்தின்ர கணக்குக்குள்ளால ரசீதோட செய்யுங்கோ. அக்கா சொன்ன மாதிரி ஒரு பக்கத்தில எழுதி ஓல்ட் போய்ஸுக்கு அனுப்பினா போட்டோவும் தேவையில்ல.

கொட்டாஞ்சேனைக்காரன்:
ரொம்ப நன்றி, அந்த ஒரு பக்க ஐடியாவ வச்சே போட்டோ கட்சிக்காரர சமாளிச்சுருவேன். கம்பஸ் பிள்ளைங்களுக்கு பதிலா நம்ம டீச்சர்மாரே பின்னேரம் எடுத்தா என்ன? எந்த வகுப்புல தொடங்கிறது?

ஈஸ்ட்ஹாம் அக்கா:
மூண்டாம் வகுப்பில ஒவ்வொருத்தரா இருத்தி ஒரு பந்தி வாசிக்கச் சொல்லும். வாசிக்க ஏலாத பிள்ளைக்குப் பத்தாம் வகுப்பில கணித கிளாஸ் வைச்சு என்ன செய்யிறது? காசில பாதியாவது கீழ் வகுப்புக்கு.

வெண்கட்டி:
தன்ர வகுப்புப் பிள்ளைக்கு தானே காசு வாங்கி எடுத்தா அடுத்த கிழமையே கதை கட்டிருவாங்க, வெளி ஆளே நல்லம். 1.30க்கு பெல் அடிச்சா பிள்ளைங்க பசியில இருப்பாங்க, பணிஸும் பிளேன்டீயும் பட்ஜெட்ல போடுங்க. ஒரே தெருப் பிள்ளைங்க ஏழெட்டுப் பேர் ஒரு த்ரீவீல்ல வருவாங்க, அதுல ரெண்டு பேர மட்டும் நிப்பாட்டினா த்ரீவீல்காரர் ரெண்டாந்தரம் வர மாட்டார். கிளாஸ் தொடங்க முந்தி அவர்கிட்ட பேசி, திரும்பி வர்ற கூலிய யார் குடுக்கிறது என்டு முடிவு பண்ணிக்கோங்க.