பிராஸ் பேண்டின் முன் நின்று புதிய படைப்பை வாசித்தவர்கள்: அனுபவப் பகிர்வு

டெனர் ஹார்ன் வாசிப்பவர், மேற்கு யார்க்‌ஷயர்

பித்தளை ஊது வாத்தியங்களும் தாளக் கருவிகளும் மட்டுமே கொண்ட எங்கள் பிராஸ் பேண்டில் பாரிடோன் வாசிக்கும் நண்பர் ஒருவர், நடுத்தர ஒலியுடைய டெனர் ஹார்ன் முன்னே நின்று வாசிக்க, பேண்டு துணைபோகும் 11 நிமிடப் படைப்பு ஒன்றை எழுதி, வசந்தகாலக் கச்சேரியில் அதை நான் வாசிக்க வேண்டும் என்று கேட்டபோது, மகிழ்ச்சியில் இசைக்குறிப்புத் தாளைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் ஒப்புக்கொண்டேன். ஆர்கெஸ்ட்ராவில் டெனர் ஹார்னுக்கு நாற்காலியே கிடையாது. உயர்ந்த ஒலியுடைய கார்னெட்டுக்கும் தாழ்ந்த ஒலியுடைய யூஃபோனியத்துக்கும் இருப்பதுபோல இதற்குத் தனி வாசிப்புக்கான படைப்புகள் குவிந்து கிடக்கவில்லை என்பதால், இந்த வாத்தியத்தை வாசிப்பவர்கள் இத்தகைய அழைப்பை மறுப்பது அரிது.

முதல் ஒத்திகையிலேயே சிக்கல் தெரிந்துவிட்டது. வயலின் கலைஞர் ஒருவர் ஆர்கெஸ்ட்ராவின் முன் நிற்கும்போது, குழல்களும் பித்தளை வாத்தியங்களும் முரசும் அவருடைய ஒலியிலிருந்து வேறுபட்டு ஒலிப்பதால், காது அவரைத் தேடிக் கண்டுபிடித்துவிடும். முழு பிராஸ் பேண்டில் தாளக் கருவிகளைத் தவிர்த்து 25 பேர் வாசிக்கிறோம். அவர்களில் நான் ஒருத்தி எழுந்து முன்னே வந்தால், பின்னால் இருக்கும் 24 பேரின் வாத்தியங்களும் என் வாத்தியத்தின் உறவுக்காரர்கள். அதிலும் டெனர் ஹார்ன் ஒலிக்கும் நடு ஸ்தாயியில்தான் ஃப்ளூகல்ஹார்ன், இரண்டு பாரிடோன்கள், கார்னெட்டுகளின் கீழ்ச் சுரங்கள் அனைத்தும் கூடுகின்றன. என் வாசிப்பு கடலில் கரைத்த பெருங்காயமாயிற்று.

படைப்பாளரைக் குறைகூற முடியவில்லை. அவர் கணினியில் எழுதி, கணினியிலேயே கேட்டிருந்தார். அங்கே ஹார்னின் ஒலியைத் திரையில் சற்றே உயர்த்திவிட்டால் 24 வாத்தியங்களும் பணிந்துபோகும். பேண்டு அறையில் அப்படிப் பணிவார் யாருமில்லை. ஆகவே எங்கள் இசை நடத்துநர் பென்சிலை எடுத்தார். முன்வரிசைக் கார்னெட்டுகள் நால்வர் சேர்ந்து வாசித்த இடத்தில் ஒருவர் மட்டும் போதும் என்றார். மிகத் தாழ்ந்த ஒலியுடைய பி ஃபிளாட் பேஸ் இரண்டில் ஒன்றை நிறுத்தினார். பாரிடோன்களை முழுப் பக்கத்துக்கு ஓய்வாக்கினார். தாம் எழுதிய பக்கத்தைத் தாமே வாசிக்காமல் மடியில் வாத்தியத்துடன் அமர்ந்திருந்த நண்பரின் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆனால் அடுத்த வாரம் அவரே மேலும் 16 பார்களில் (தாள அளவுக் கட்டங்களில்) பேஸ் வாத்தியங்களை நீக்கிக்கொண்டு வந்தார். எஞ்சிய இடத்தில், முன்பு எவருக்கும் கேட்காமல் கிடந்த ஃப்ளூகல்ஹார்னின் பதில் வரி ஒன்று மேலே வந்தது. மக்கள் பின்னர் பாராட்டியது அந்த உரையாடலைத்தான்.

மூன்றாம் பகுதி ஏழு எண்ணிக்கையில் ஓடுவது. சிறுவயதில் வாய்ப்பாட்டுக் கற்றவள் என்பதால், மிஸ்ர சாபு தெரிந்த எனக்கு இதில் என்ன கடினம் என்று எண்ணிவிட்டேன். அங்கேதான் தவறினேன். என் கை அறிந்தது ‘தகிட தகதிமி’. மூன்று முன்னால் வரும், நான்கு பின்னால் வரும். நண்பர் எழுதியிருந்ததோ இரண்டு, இரண்டு, மூன்று. சுரங்கள் சரியாக விழுந்தன, அழுத்தம் தவறான இடத்தில் விழுந்தது. தாளம் தெரியாதவர்கள் எண்ணிக் கற்றுக்கொண்டதை நான் மறந்து கற்க வேண்டியிருந்தது. இறுதியில் என் தாளில் பென்சிலால் ‘தக தக தகிட’ என்று தமிழிலேயே எழுதிவைத்துக்கொண்டேன். இரண்டாம் ஹார்ன் வாசிக்கும் அம்மையார் அது என்னவென்று கேட்டார். சொல்லிக் காட்டினேன். அதன்பின் அவரும் உதட்டுக்குள் அதையே சொல்லிக்கொண்டு எண்ணினார்.

பழைய படைப்பென்றால் பிறர் வாசித்த ஒலிப்பதிவைக் கேட்டு, எங்கே மூச்செடுக்கிறார்கள் என்று அறிந்துகொள்ளலாம். என்னிடம் இருந்தது கணினியின் பதிவு மட்டுமே, அது மூச்சே விடாது. மெதுவான பகுதியில் 13 பார்களுக்கு நீளும் ஒரு தொடரை ஒரே மூச்சில் வாசிக்க நான்கு வாரம் முயன்று, பிறகு வெட்கத்தை விட்டு, நடுவில் எனக்கு ஒரு மூச்சு வேண்டும் என்று கேட்டேன். நண்பர் உடனே ஒரு காற்புள்ளி இட்டு, பேண்டும் அந்தக் கணம் சேர்ந்து நிற்கும்படி மாற்றினார்.

கச்சேரி நடந்த தேவாலயத்தில் அன்று வெப்பமூட்டி வேலை செய்யவில்லை. குளிரில் பித்தளை வாத்தியத்தின் சுருதி இறங்கும் என்பதால், எனக்கிருந்த 22 பார் ஓய்வு முழுவதும் ஓசையெழாமல் சூடான மூச்சைக் குழாய்க்குள் ஊதிக்கொண்டே நின்றேன். அப்படியும் மீண்டும் நுழைந்தபோது சற்றுத் தாழ்ந்திருந்தேன். உதட்டை இறுக்கி ஏறுவதற்குள், எதிர்வரி வாசித்த ஃப்ளூகல்ஹார்ன்காரர் தம் சுருதியை மயிரிழை இறக்கி என்னிடம் வந்து சேர்ந்தார். இடைவேளையில் பரிசுச்சீட்டு விற்றுக்கொண்டிருந்த முதியவர் என்னை நிறுத்தி, அந்த இடத்தைக் குறிப்பிட்டு, மிக அழகாக எழுதியிருக்கிறார்கள் என்றார். நான் திருத்தவில்லை.

இரண்டாம் கார்னெட் வாசிப்பவர், லண்டன்

நான் முன்னே நின்றவன் அல்லன், பின்னே அமர்ந்தவன். நாகர்கோவிலில் கிறிஸ்தவ அமைப்பான இரட்சணிய சேனையின் பேண்டில் கார்னெட் கற்று, இங்கே வந்தபின் போட்டிகளில் கலந்துகொள்ளும் பேண்டு ஒன்றில் சேர்ந்தேன். போட்டிப் பேண்டுகளில் ஆண்டு முழுவதும் நாங்கள் பழகுவது, நடுவர் காதில் விழும்படி ஒவ்வொரு சுரத்தையும் தெளிவாக வைப்பதை. அந்தப் பழக்கத்தோடு தனி வாசிப்புக்குத் துணைபோனால் முன்னே நிற்பவர் மூழ்கிவிடுவார். சென்ற ஆண்டு யூஃபோனியத்துக்கான புதிய படைப்பு ஒன்றுக்குத் துணை வாசித்தபோது, நடத்துநர் எத்தனை முறை கையைத் தாழ்த்தினாலும் எங்கள் வரிசை அடங்கவில்லை.

எனக்கு உதவியது ஊரில் கற்ற விதிதான்: பாட்டின் சொற்கள் உனக்குக் கேட்கவில்லையென்றால் நீ பலமாக ஊதுகிறாய். சேனையின் பேண்டு மரபே அப்படித் தோன்றியது. 1878இல் சால்ஸ்பரி நகரில் சார்ல்ஸ் ஃப்ரை என்ற கட்டடக்காரரும் அவருடைய மூன்று மகன்களும் தெருக் கூட்டங்களில் பாட்டுக்குத் துணையாகப் பித்தளை வாத்தியங்களை எடுத்ததிலிருந்து அதைக் கணக்கிடுவார்கள். யூஃபோனியத்துக்குச் சொற்கள் இல்லை. ஆனால் அதை வாசிப்பவர் ஒரு சுரத்தை நாக்கால் தொடங்கும் அந்த மெல்லிய ஒலி இருக்கிறதே, அது கேட்கும் அளவுக்கு மட்டும் ஊதுவது என்று வைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவரிடமும் சொன்னேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. போட்டிக்காலம் நெருங்குகிறது, உதடு தளர்ந்துவிடும் என்றார். அவர் சொன்னதிலும் பொய்யில்லை.

ஃப்ளூகல்ஹார்னுக்கு எழுதியவர், மான்செஸ்டர்

என்னுடையது வெட்கக்கேடான கதை. ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதிப் பழகிய நான், யூஃபோனியத்துக்கும் டெனர் ட்ரோம்போனுக்கும் தாழ்ந்த சுரங்களுக்கான குறிப்பு முறையான பேஸ் கிளெஃபில், ஒலிக்கும் சுருதியிலேயே எழுதி அச்சிட்டுக் கொண்டுபோனேன். பிரிட்டிஷ் பிராஸ் பேண்டில் பேஸ் ட்ரோம்போனைத் தவிர, பித்தளை வாத்தியங்கள் அனைத்தும், ‘பேஸ்’ எனப்படும் அடித்தளத்து டியூபா உட்பட, உயர்ந்த சுரங்களுக்கான ட்ரெபிள் கிளெஃபிலேயே படிக்கின்றன. கார்னெட் வாசித்தவர் நாளை ஹார்னுக்கோ பேஸுக்கோ மாறினாலும் அதே குறிப்புக்கு அதே விரல் போதும் என்பதே அந்த ஏற்பாட்டின் நன்மை. ஆலைத் தொழிலாளரும் சுரங்கத் தொழிலாளரும் வேலை முடிந்து மாலையில் கூடிக் கற்ற பேண்டுகளுக்கு அது எவ்வளவு பயன்பட்டிருக்கும் என்று பின்னர்தான் யோசித்தேன். அன்று மாலை ஒத்திகை நின்றது. தனி வாசிப்பாளர், தம் பகுதியை மட்டும் நான் பிழையின்றி எழுதியிருப்பதாகச் சொல்லி, துணையின்றி முழுவதையும் வாசித்துக் காட்டினார். தாளை மாற்றி எழுத எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

ஈ ஃபிளாட் பேஸ் வாசிப்பவர், லங்காஷயர்

டெனர் ஹார்ன் சகோதரி சொன்ன கரைந்துபோகும் அவதி எங்களுக்கு இன்னும் கடுமை. பின்னாலிருக்கும் மற்ற மூன்று பேஸ் வாத்தியங்களும் என் ஸ்தாயியிலேயே குடியிருப்பவை. ஆயினும் இந்தத் துணையைத் தேர்ந்தே பெரும் படைப்புகள் எழுதப்பட்டுள்ளன. ஜோசப் ஹோரோவிட்ஸின் யூஃபோனியம் கான்செர்ட்டோ (தனி வாத்தியமும் துணைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் நீண்ட படைப்பு) 1972இல் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் பிராஸ் பேண்டுடன்தான் முதலில் ஒலித்தது. எட்வர்ட் கிரெக்சனின் டியூபா கான்செர்ட்டோவை ஜான் ஃப்ளெட்சர் 1976இல் பெஸ்ஸஸ் ஓ த பார்ன் பேண்டுடன் முதன்முதலாக வாசித்தார். ஆர்கெஸ்ட்ராவுக்கான வடிவம் அதன் பின்னர் வந்ததே.

நான் வாசித்த புதிய படைப்பு அவற்றோடு ஒப்பிடத்தக்கதன்று. ஒரே ஒருமுறை அரங்கேறி, பேண்டு நூலகத்தின் அலமாரியில் உறையோடு இருக்கிறது. அதைத்தான் கேட்க விரும்புகிறேன்: உங்களில் எவருடைய படைப்பேனும் இரண்டாம் முறை வாசிக்கப்பட்டதா?

டெனர் ஹார்ன் வாசிப்பவர், மேற்கு யார்க்‌ஷயர்

எங்களுடையது வருகிற இலையுதிர்காலத்தில் வாசிக்கப்படுகிறது, ஆனால் நான் வாசிக்கவில்லை. அண்டை ஊர்ப் பேண்டு ஒன்று கேட்டு வாங்கியிருக்கிறது. அவர்களுடைய ஹார்ன் கலைஞர் என்னைவிட அழுத்தமான ஒலியுடையவர் என்பதால், நீக்கிய பேஸ் பகுதிகளில் எட்டு பார்களை நண்பர் திரும்பச் சேர்த்துவிட்டார். மெதுவான பகுதியின் காற்புள்ளி மட்டும் அப்படியே இருக்கிறதா என்று கேட்டேன். அந்த ஹார்ன் கலைஞருக்கு அது தேவைப்படவில்லையாம். இரண்டு நாளாக அந்த 13 பார்களை மறுபடியும் வாசித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.